சேமித்த குற்றம்

தில்லைநாதன் ஓட்டிக்கொண்டிருந்த வேனைப் பள்ளிக்கூடத்துக்காரர்கள் விற்றுவிட்ட மாதத்தில்தான் சிதம்பரத்தில் சிக்கனச் செல்வம் பேரங்காடி தன் கிளையைத் திறந்தது. இரண்டுக்கும் சம்பந்தம் கிடையாது. ஆனால் அவர் மனைவி அருள்மொழிக்குச் சம்பந்தம் இருப்பதாகவே பட்டது. வருமானம் குறைந்த அதே வாரத்தில் விலை குறைந்த கடை வருகிறதென்றால், மேலே இருந்து யாரோ பார்த்துத்தான் அனுப்பியிருக்க வேண்டும் என்று நினைத்தாள்.

அவள் அண்ணாமலை நகரில் ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை பார்த்தாள். பெரியவள் பிளஸ் டூ, சின்னவள் ஏழாவது. தில்லைநாதன் இப்போது ஆக்டிங் டிரைவர். கூப்பிட்டால் வேலை, கூப்பிடாவிட்டால் வீடு.

அங்காடியைப் பற்றி முதலில் வந்து சொன்னவன் அவள் தம்பி தமிழ்மணி. அங்கேதான் அவனுக்குத் தள மேற்பார்வையாளர் உத்தியோகம். பாலிடெக்னிக் படித்த மூன்று வருஷமும் அக்கா வீட்டில் தங்கிச் சாப்பிட்டவன். இப்போது கல்யாணமாகித் தனியாக இருந்தாலும் ஞாயிற்றுக்கிழமைக் குழம்புக்கு இங்கேதான் வருவான்.

"அக்கா, கார்டு போட்டாதான் உள்ளயே விடுவாங்க. மெம்பருக்கு எல்லாத்துலயும் தள்ளுபடி. நீ கண்ண மூடிக்கிட்டுக் கையெழுத்துப் போடு. நான் இருக்கேன்ல?"

விண்ணப்பம் ஒன்பது பக்கம். பெயர், முகவரி, வருமானம் எல்லாம் முடிந்து பதினேழாவது கேள்வி இப்படி இருந்தது: 'கடந்த மூன்று மாதங்களில் தாங்கள் வாங்க ஆசைப்பட்டு, வாங்காமல் திரும்பிய பொருட்கள் யாவை?'

"இது எதுக்குடா?"

"அக்கறைக்கா. உன் வீட்ல என்னா இல்லைன்னு கம்பெனிக்குத் தெரியணும்ல?"

அருள்மொழி உண்மையைத்தான் எழுதினாள். மிக்ஸி ஜார் ஒன்று. சின்னவளுக்கு ஸ்கூல் ஷூ. கால் கிலோ முந்திரி.

காலை ஒன்பதரை மணிக்கு அங்காடியின் இரும்புக் கதவு பாதி திறக்கும். உறுப்பினர்கள் வலது கையை நீட்டி உறுதிமொழி எடுத்த பிறகுதான் மீதி திறக்கும். "தேவையானதை மட்டுமே வாங்குவேன். எனக்குத் தேவையானது எது என்பதை அங்காடியிடம் கேட்டு அறிவேன். சேமிப்பே என் மூச்சு." கையில் மஞ்சள் பையோடு எண்பது பேர் தெருவில் நின்று இதைச் சொல்லும்போது, கோயிலுக்குப் போகிற வெளியூர்க்காரர்கள் ஏதோ விசேஷம் என்று செருப்பைக் கழற்றிவிட்டு நிற்பதும் உண்டு.

முதல் நாள் அவள் வாங்கப்போனது இரண்டு கிலோ துவரம்பருப்பு. தள்ளுபடி விலைதான், சந்தேகமில்லை. ஆனால் தரை துடைக்கிற மாப்பு ஒன்றைச் சேர்த்து வாங்கினால்தான் அந்த விலை செல்லும். மாப்பு வாங்கினாள். நீலச் சட்டை போட்ட ஒரு பெண் பின்னாலேயே வந்தாள். சட்டையில் 'சிக்கன ஆலோசகர்' என்று எழுதியிருந்தது.

"மேடம், மிக்ஸி ஜார் மூணாவது வரிசைல இருக்கு. ஷூ மாடில. முந்திரி இந்தாங்க, கால் கிலோதானே கேட்டிருந்தீங்க?"

அருள்மொழிக்கு உடம்பு கூசியது. யாரோ அவள் பீரோவைத் திறந்து பார்த்துவிட்டு வந்து பேசுவது போல இருந்தது. முந்திரியைத் திருப்பி வைக்க வெட்கமாக இருந்ததால் அதையும் வாங்கினாள்.

பில் போடுகிற இடத்தில் ராஜ்கமல் என்கிற பையன் உட்கார்ந்திருந்தான். பில்லைக் கிழித்ததும் எழுந்து நின்று மணி அடித்தான். "உறுப்பினர் அருள்மொழி இன்று சேமித்தது ரூபாய் நானூற்றுப் பன்னிரண்டு!" வரிசையில் நின்ற எல்லோரும் கைதட்டினார்கள். அவளுக்குக் கல்யாணத்துக்குப் பிறகு யாரும் கைதட்டியதில்லை. சிரித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தாள்.

தில்லைநாதன் பில்லை வெளிச்சத்தில் காட்டிப் பார்த்தார்.

"அருளு, நானூத்திப் பன்னெண்டு மிச்சம்னு போட்டிருக்கு. அது எங்க?"

"அது மிச்சம்ங்க."

"மிச்சம்னா கைல இருக்கணும்ல?"

பர்ஸைத் திறந்தாள். ஷேர் ஆட்டோவுக்கு வைத்திருந்த பத்து ரூபாய் இருந்தது. இருவரும் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார்கள்.

மூன்று மாதத்தில் அந்த இரண்டு அறை வீட்டில் மூன்று மாப்பு சேர்ந்தது. துவரம்பருப்புக்கு வேறு வழியில்லை. நான்காவது மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாப்பிட்டுக் கை கழுவ வந்த தமிழ்மணி, மூலையில் நின்ற மாப்புகளைப் பார்த்துச் சிரித்தான். பிறகு அக்காவை அடுப்படிக்குள் கூட்டிப்போய்க் குரலைத் தாழ்த்தினான்.

"நீ இப்படியே போனா உருப்பட மாட்டக்கா. செவ்வாக்கெழம ரெண்டு மணிக்கு மேல வா. செவப்புச் சீட்டு ஒட்டுவாங்க. தேதி முடிய பத்து நாள் இருக்கற சரக்கு. பாதி வெல, மாப்பு கீப்பு எதுவும் கெடையாது. அத மட்டும் எடு, வேற பக்கம் திரும்பாத. நான் சொன்னேன்னு யார்ட்டயும் மூச்சு விடாத, எனக்கு வேலை போயிடும்."

"போகாதுடா. என் வாயிலேருந்து வராது."

ஜெராக்ஸ் கடை முதலாளியிடம் செவ்வாய் மதியத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டு, அதற்குப் பதிலாக ஞாயிறு காலை வேலைக்கு வருவதாக ஒப்புக்கொண்டாள். அவள் போன முதல் செவ்வாய்க்கிழமை தமிழ்மணியே சிவப்புச் சீட்டு ஒட்டிய பருப்புப் பாக்கெட் நான்கை அவள் கூடையில் போட்டான். "எடுத்துக்கக்கா" என்று சொல்லிவிட்டு, தெரியாதவன் போல நகர்ந்து போனான். அந்த நடிப்பு அவளுக்குப் பெருமையாக இருந்தது. தனக்காக ஒருவன் இவ்வளவு துணிகிறானே என்று.

அடுத்த ஐந்து மாதம் குடும்பம் சிவப்புச் சீட்டில் ஓடியது. சேமியாவுக்குச் சீட்டு விழுந்த வாரம் மூன்று வேளையும் சேமியா. ஒரு மாதம் எல்லோரும் குழந்தைகளுக்கான ஸ்ட்ராபெரி வாசனைப் பற்பசையில் பல் தேய்த்தார்கள். தில்லைநாதன் பிஸ்கட்டைக் கையில் எடுத்தால் முதலில் தேதியைத்தான் தேடினார். ஆனால் மாதக் கடைசியில் நிஜமாகவே கையில் பணம் நின்றது. பெரியவளைக் கணக்கு டியூஷனில் சேர்த்தார்கள். காலாண்டில் நாற்பத்தொன்று வாங்கியவள் அரையாண்டில் அறுபத்தெட்டு வாங்கினாள்.

தகராறு பில் போடுகிற இடத்தில் ஆரம்பித்தது. ஒரு செவ்வாய்க்கிழமை ராஜ்கமல் பில்லைக் கிழித்தான், மணியின் மேல் கையை வைத்தான், அடிக்கவில்லை.

"என்னா தம்பி?"

"உங்க சேமிப்பு அறுவத்தோரு சதவீதம்னு வருதுக்கா. அவ்ளோ வரக்கூடாது. இந்த மணி இருபது வரைக்கும்தான்."

அடுத்த வாரம் அவள் கூடையை வாங்கிக்கொண்டு தள்ளுவண்டியைக் கொடுத்தார்கள். கூடையில் வாங்குகிறவர்களின் மனம் சுருங்கிவிடுகிறது என்று தலைமை அலுவலகம் கண்டுபிடித்திருந்ததாம். இரண்டு பாக்கெட் சேமியாவை வைத்துக்கொண்டு தேர் மாதிரி அந்த வண்டியைத் தள்ளிப்போனாள். அதற்கு அடுத்த வாரம் ஆலோசகர் பெண் இரண்டு பேர் ஆனார்கள். ஒருத்தி முழு விலைப் பொருட்களை வண்டியில் வைத்துக்கொண்டே வந்தாள்; அருள்மொழி அவற்றை எடுத்துத் திருப்பி வைத்துக்கொண்டே போனாள்; இன்னொருத்தி எத்தனை திருப்பி வைத்தாள் என்று குறித்துக்கொண்டாள்.

அதிலிருந்து பத்தாவது நாள் பதிவுத் தபால் வந்தது.

'பொருள்: தொடர் சேமிப்பு - விளக்கம் கோருதல் - தொடர்பாக. தாங்கள் கடந்த ஐந்து மாதங்களாக இடைவிடாது சேமித்து வருவது கணினி வாயிலாக இவ்வலுவலகக் கவனத்திற்கு வந்துள்ளது. இது சலுகைச் சுரண்டல் ஆகும். தங்கள் மீது ஏன் நடவடிக்கை எடுக்கக்கூடாது என்பதற்கான காரணங்களுடன் கடலூர் வாடிக்கையாளர் ஒழுக்கப் பிரிவில் வரும் புதன்கிழமை நேரில் ஆஜராகவும். வரும்போது இரண்டு புகைப்படங்களும் கொண்டுவரவும்.'

ஜெராக்ஸ் கடையில் இப்படிப்பட்ட கடிதங்களை நகல் எடுக்க வருகிறவர்களைத் தினமும் பார்ப்பவள் அவள். எல்லோரும் ஏதோ ஒரு தப்பு செய்தவர்களாகவே இருந்தார்கள். ஆகவே தானும் செய்திருக்க வேண்டும் என்று தோன்றியது. தம்பிக்குப் போன் போட்டாள்.

"அதெல்லாம் சும்மா ஃபார்மாலிட்டிக்கா. பயப்படாத. கேட்டதுக்குப் பதில் சொல்லிட்டு வந்துடு. என் பேரு மட்டும் வேணாம். உன் தம்பி பொண்டாட்டிக்கு இது ஏழாவது மாசம், தெரியும்ல?"

"சீ, அத நீ சொல்லணுமாடா?"

புதன்கிழமை காலை சிதம்பரத்தில் பஸ் ஏறி, கடலூரில் இறங்கி, மஞ்சக்குப்பம் போய்ச் சேர்ந்தாள். ஒழுக்கப் பிரிவு மூன்றாவது மாடியில் இருந்தது. லிஃப்ட் தங்க அட்டை உறுப்பினர்களுக்கு மட்டும். ஏறி முடித்தபோது மூச்சு வாங்கியது. காத்திருப்போர் பெஞ்சில் மேல்பட்டாம்பாக்கத்துப் பெரியவர் ஒருவர் வெள்ளைத் துண்டை மடியில் மடித்து வைத்து உட்கார்ந்திருந்தார்.

"உங்க மேல என்னா கேஸுங்க ஐயா?"

"ஏசில நின்னேன்மா. வெயில் தாங்கல. அரை மணி நேரம் நின்னுட்டு ஒரு தீப்பெட்டி வாங்குனேன். குளிர்ச்சிக்கு ஏத்த மாதிரி வாங்கலேன்னு எழுதிட்டாங்க." கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்: "ஒரு வகைல நியாயந்தான்."

அவளை உள்ளே அழைத்தார்கள். நீண்ட மேஜைக்குப் பின்னால் வட்டாரச் சேமிப்பு ஆணையர் செந்தமிழ்செல்வன் இருந்தார். ஆணையர் என்பது அங்காடியே தன் ஆட்களுக்கு வைத்துக்கொண்ட பட்டம். ஆனால் அவர் உட்கார்ந்திருந்த விதத்தில் அது பிறவியிலேயே கிடைத்தது போலத்தான் இருந்தது. தலைக்கு மேல் 'வாடிக்கையாளரே எம் தெய்வம்' என்று பித்தளையில் எழுதியிருந்தது.

"உக்காருங்கம்மா. உங்கள மாதிரி ஏழைங்களுக்காகத்தான் இந்த நிறுவனமே. உங்க கஷ்டம் எங்களுக்குத் தெரியும். தெரிஞ்சதாலதான் கடையே போட்டோம். கஷ்டம் இல்லாத ஊர்ல நாங்க கிளை திறக்கிறதில்ல."

"சரிங்க சார்."

"ஆனா நீங்க என்னா பண்ணியிருக்கீங்க? சேமிச்சிருக்கீங்க."

"சேமிக்கத்தானே சார் கடை?"

செந்தமிழ்செல்வன் கண்ணை மூடித் திறந்தார். ரொம்பப் பேருக்கு விளக்கிச் சலித்த ஆசிரியரின் பொறுமை அவர் முகத்தில் இருந்தது.

"சேமிப்புங்கறது ஒரு உணர்வும்மா. அந்த உணர்வ நாங்க எல்லாருக்கும் குடுக்கறோம். மணி அடிச்சுக் குடுக்கறோம். அதோட சந்தோஷமா வீட்டுக்குப் போகணும். நீங்க நிஜமாவே சேமிச்சுட்டா அந்தப் பணம் எங்கேருந்து வரும்? எங்ககிட்டேருந்துதானே? ஒரு பருப்ப நூறு ரூபாய்க்கு விக்கணும்னா நாங்க மொதல்ல அதுக்கு நூத்தம்பதுன்னு எழுதறோம். அப்பறம் அந்த அம்பத அன்பா விட்டுக் குடுக்கறோம். எவ்ளோ பெரிய மனசு இருந்தா அதைச் செய்ய முடியும்? அப்படிப்பட்ட எடத்துல வந்து, வேற எதையும் தொடாம, நாங்க நஷ்டத்துல தள்ளிவிடற சரக்க மட்டும் பொறுக்கிட்டுப் போறது தர்மமா?"

அருள்மொழி மேலே இருந்த பித்தளை எழுத்தைப் பார்த்தாள். அவர் அதைக் கவனித்தார்.

"அது உண்மைதான். வாடிக்கையாளர் தெய்வம்தான். ஆனா தெய்வம் குடுக்கணும்மா. எடுக்கக் கூடாது."

பக்கத்தில் இருந்தவர் இதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்.

"இப்ப ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். செவ்வாக்கெழம ரெண்டு மணிக்குச் செவப்புச் சீட்டு ஒட்டுவோம்னு உங்களுக்கு யார் சொன்னது? உள்ளுக்குள்ள ஆள் இருக்கா?"

"யாரும் சொல்லல சார்."

"சரி. சாட்சிய வரச் சொல்லுங்க."

கதவைத் திறந்துகொண்டு தமிழ்மணி வந்தான். இஸ்திரி போட்ட சட்டை, கம்பெனி அடையாள அட்டை தொங்கும் கழுத்துப் பட்டை, கையில் ஒரு பச்சைக் கோப்பு. அவளுக்கு முதலில் நிம்மதியாகத்தான் இருந்தது. காப்பாற்ற வந்துவிட்டான் என்று நினைத்தாள். நாற்காலியில் கொஞ்சம் நகர்ந்து பக்கத்தில் இடம்கூட விட்டாள்.

அவன் உட்காரவில்லை. கோப்பைத் திறந்து படித்தான்.

"மேற்படி உறுப்பினர், ஆகஸ்ட் மாதம் இரண்டாம் செவ்வாய், பிற்பகல் இரண்டு பத்துக்கு உள்ளே வந்து, சிவப்புச் சீட்டுத் துவரம்பருப்பு நான்கு பாக்கெட் எடுத்தார். வேறு எந்தப் பொருளையும் ஏறிட்டும் பார்க்கவில்லை. மூன்றாம் செவ்வாய், சேமியா ஒன்பது பாக்கெட்..."

ஆகஸ்ட் இரண்டாம் செவ்வாய். அந்த நாலு பாக்கெட்டையும் அவள் எடுக்கவில்லை. அவன்தான் போட்டான். போட்டுவிட்டுத் தெரியாதவன் போல நகர்ந்து போனது எழுதிவைக்கத்தான் என்பது இப்போது புரிந்தது. ஐந்து மாதம், ஒரு செவ்வாயும் விடாமல் எழுதியிருந்தான். இடையில் வந்த ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டுக்கு வந்து சாப்பிட்டிருந்தான். 'மேற்படி உறுப்பினர்' என்று அவன் ஒவ்வொரு முறை சொன்னபோதும், வேறு யாரோ ஒரு பொம்பளை அந்த அறையில் இருப்பது போல அவள் திரும்பிப் பார்த்தாள்.

"இவர உங்களுக்குத் தெரியுமா?" என்று செந்தமிழ்செல்வன் கேட்டார்.

"தம்பி சார்."

"பாத்தீங்களா! சொந்த அக்கான்னுகூடப் பாக்கல. இதுதான் எங்க நிறுவனத்தோட ஒழுக்கம்." அவர் குரல் தழுதழுத்தது. "கடைசியா கேக்கறேன். இவரா உங்களுக்கு அந்த ரகசியத்தச் சொன்னது?"

தமிழ்மணி கோப்பிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை. காகிதத்தின் ஓரத்தைக் கட்டைவிரலால் நீவிக்கொண்டிருந்தான். ஒரு வார்த்தை. ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அந்தக் கழுத்துப் பட்டை இறங்கிவிடும். அருள்மொழிக்கு நாக்கு நுனிவரை வந்தது. ஏழு மாத வயிற்றோடு நிற்கிற அவன் பெண்டாட்டி கண்ணுக்குள் வந்தாள்.

"நானா கண்டுபுடிச்சேன் சார்."

"யாரும் சொல்லாம?"

"யாரும் சொல்லாம."

"அப்ப இது திட்டமிட்ட குற்றம்" என்றார் செந்தமிழ்செல்வன் வருத்தத்தோடு. "யாராவது சொல்லிக் குடுத்திருந்தா மன்னிச்சிருப்போம். சொந்தமா யோசிச்சத மன்னிக்க விதில எடமில்ல. அடுத்த ஆறு மாசம் நீங்க மனமாற்ற உறுப்பினர். வாரம் ஒரு தடவ வரணும், முழு விலைலதான் வாங்கணும். திருந்திட்டீங்கன்னு ஆலோசகர் எழுதிக் குடுத்தா மறுபடியும் தள்ளுபடி ஆரம்பிக்கும்."

"எனக்குக் கார்டே வேணாம் சார். நான் வெலகிக்கறேன்."

"தாராளமா. வெலகல் கட்டணம் ஐந்நூறு." பக்கத்தில் இருந்தவர் அவர் காதில் ஏதோ சொன்னார். ஆணையரின் முகம் மலர்ந்தது. "நீங்க அதிர்ஷ்டசாலிம்மா. இந்த வாரம் அதுக்கு முப்பது சதவீதம் தள்ளுபடி இருக்கு."

முந்நூற்றைம்பது ரூபாயைக் கட்டினாள். ரசீது கொடுத்த பெண் அதன் அடியில் 'இன்று நீங்கள் சேமித்தது ரூ.150' என்று அச்சாகியிருந்ததைக் காட்டி, பழக்கத்தில் கைதட்டினாள்.

மூன்று மாடியும் இறங்கி வந்தபோது வாசலில் கம்பெனி வேன் நின்றிருந்தது. தமிழ்மணி முன் சீட்டில் இருந்தான். வேன் சிதம்பரத்துக்குத்தான் போகிறது. அவன் அவளைப் பார்த்தான், போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டான். வேன் போயிற்று. அவள் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தாள்.

வீட்டில் தில்லைநாதன் கேட்டார். "என்னா ஆச்சு? தமிழு வந்திருந்தானா? உனக்காக எதாவது பேசுனானா?"

"இல்லங்க. அவனுக்கு டூட்டி" என்றாள். பெரியவளின் டியூஷனை மாதக் கடைசியோடு நிறுத்தினார்கள்.

மூன்று வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, தில்லைநாதன் திருச்சிக்கு ஒரு வண்டி ஓட்டிப் போயிருந்தபோது, தமிழ்மணி ஒரு கிலோ மைசூர்பாகோடு வந்தான். முன்பு போலவே கை கால் கழுவிவிட்டுத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்தான். அவளும் பரிமாறினாள். சோறு போடக்கூடாது என்று நினைத்துத்தான் எழுந்தாள்; கை தானாகப் போட்டுவிட்டது.

"அக்கா, பிரமோஷன் வந்துடுச்சு. அசிஸ்டென்ட் மேனேஜர்."

"சந்தோஷம்."

"கோவமா இருக்கியா?"

"மொதல் நாள்லேருந்தே எழுதியிருக்க."

"அது ரூலுக்கா. அரையாண்டுக்கு ஒரு கேஸு புடிச்சாதான் லிஸ்ட்ல பேரு வரும். எல்லாரும் புடிக்கறாங்க."

"நீதானடா வரச் சொன்ன?"

"வந்தாதானக்கா புடிக்க முடியும்?" அவன் அதை நியாயமாகவே சொன்னான். சோற்றைப் பிசைந்தான். "நான் ரொம்ப யோசிச்சேன்க்கா. வேற யார் பேரயாவது குடுத்திருக்கலாம். ஆனா அவங்க விசாரணைல என்னய மாட்டி விட்டுடுவாங்க. உயிரே போனாலும் என்னயக் காட்டிக் குடுக்காத ஆளு யாருன்னு யோசிச்சேன். உன்னத் தவிர வேற யாருமே ஞாபகத்துக்கு வரல."

சொல்லிவிட்டு அவன் நிமிர்ந்து பார்த்தான். அவன் கண் கலங்கியிருந்தது. அக்காவைப் பற்றி இவ்வளவு உயர்வாக இதுவரை சொன்னதில்லை என்கிற நெகிழ்ச்சி அவன் முகத்தில் இருந்தது. அருள்மொழி ரசம் ஊற்றினாள். மோரும் ஊற்றினாள். அவன் சாப்பிட்டு முடித்து, அடுத்த மாதம் வளைகாப்புக்கு மாமாவைக் கூட்டிக்கொண்டு முதல் நாளே வந்துவிட வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனான். அவள் வாசல்வரை போகவில்லை.

அதற்கு அடுத்த வாரம் ஒரு மாலையில் தில்லைநாதன் பெஞ்சில் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தார். அவள் போன் அடித்தது. திரையில் வந்த தம்பியின் பெயரைப் பார்த்துவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தாள். அடித்து ஓய்ந்தது. மறுபடியும் அடித்தது.

"யாரு அருளு? எடுக்க மாட்டேங்கற?"

அவள் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே சொன்னாள்.

"கடைலேருந்துங்க."